ஊசி வேண்டாம், மூக்கைக் காட்டுங்கள்!

தடுப்பு ஊசி போடும் இடத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் இருக்கிறீர்களா?

வாசலிலேயே அழுகை தொடங்கிவிடும். ஊசியைக் கண்டதும் குழந்தை வீறிட்டு அலறும். தாய் கையைப் பிடிப்பாள். தந்தை காலைப் பிடிப்பார். "ஒன்றும் இல்லை கண்ணு! எறும்பு கடிப்பதுபோல்தான் இருக்கும்" என்று நர்ஸ் சொல்லுவார். குழந்தை அதை நம்பாது!

"ஊசியே இல்லாமல் தடுப்பு மருந்து கொடுக்க முடியாதா?" என்று அந்த நேரத்தில் எந்தத் தாய்தான் நினைக்கமாட்டாள்?

முடியும். மூக்கு வழியாகக் கொடுக்கலாம்!

இரண்டு மூக்கிலும் சில சொட்டுகள். அல்லது "புஸ்" என்று ஒரு பீச்சு. அவ்வளவுதான். ரத்தம் இல்லை. வலி இல்லை.

இது நேற்று உதித்த யோசனை அல்ல. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் இதைச் செய்து பார்த்து இருக்கிறான். வெற்றியும் கண்டு இருக்கிறான். தோல்வியும் அடைந்து இருக்கிறான். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லுகிறோம்.

நோய் நுழையும் வாசல்

மூக்கு எதற்கு இருக்கிறது? மூச்சு விட, மணம் அறிய. இது எல்லோருக்கும் தெரியும்.

மூக்குக்கு மூன்றாவதாக ஒரு வேலை உண்டு. அதுதான் காவல் வேலை!

ஒரு நாளில் நாம் ஏறக்குறைய 10 ஆயிரம் லிட்டர் காற்றை இழுத்து விடுகிறோம். அந்தக் காற்றோடு தூசியும் வருகிறது, கிருமியும் வருகிறது. மூக்கின் உள்ளே மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன்மேல் சளி படர்ந்து இருக்கிறது. தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வயிற்றில் உள்ள அமிலம் கிருமியைக் கொன்றுவிடும்.

சில கிருமிகள் இந்தக் காவலையும் மீறி உள்ளே போய்விடும். புளூ காய்ச்சல் கிருமி அப்படித்தான் வருகிறது. கொரோனா கிருமியும் அப்படித்தான் வந்தது.

கையில் போடும் ஊசி என்ன செய்கிறது? ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. நோய் முற்றாமல் காக்கிறது. ஆனால் மூக்கில் அந்தச் சக்தி அவ்வளவாக உண்டாவது இல்லை.

வீட்டின் நடுக்கூடத்தில் காவல்காரனை நிறுத்தினால், திருடன் கூடத்துக்கு வந்த பிறகுதான் பிடிபடுவான். வாசலிலேயே நிறுத்தினால்? படி ஏறும்போதே பிடித்துவிடலாம் அல்லவா?

மூக்கில் கொடுக்கும் தடுப்பு மருந்தின் தத்துவம் இதுதான்.

சீன அரசரின் வெள்ளிக் குழல்

ஒரு காலத்தில் உலகத்தையே நடுங்க வைத்த நோய் பெரியம்மை. அது கண்டவர்களில் 10 பேருக்கு 3 பேர் வரை இறந்தார்கள். பிழைத்தவர்கள் முகத்தில் தழும்போடு வாழ்ந்தார்கள். கண் இழந்தவர்களும் உண்டு.

ஒரு முறை அம்மை கண்டு பிழைத்தவருக்கு மறுபடியும் அது வருவது இல்லை. இதைச் சீன வைத்தியர்கள் கவனித்தார்கள். "இலேசாக அம்மையை வரவழைத்துவிட்டால் என்ன?" என்று யோசித்தார்கள்.

அம்மை இறங்கியவரின் உடலில் இருந்து உதிரும் பொருக்கை எடுத்தார்கள். அதைச் சில நாட்கள் பத்திரமாக வைத்து இருந்தார்கள். இதனால் அதன் வேகம் குறையும். பிறகு பொடி ஆக்கினார்கள். வெள்ளிக் குழல் ஒன்றில் வைத்துக் குழந்தையின் மூக்கில் ஊதினார்கள்!

ஆண் குழந்தைக்கு வலது மூக்கு. பெண் குழந்தைக்கு இடது மூக்கு. இப்படி ஒரு வழக்கம் வேறு!

1661-ம் ஆண்டில் சீனாவின் அரசர் சுன்சி பெரியம்மையால் மாண்டார். அவருக்குப்பின் பட்டத்துக்கு வந்தவர் அவருடைய மகன் காங்சி. அப்போது அவருக்கு வயது 6. பல பிள்ளைகள் இருக்க, அவரைத் தேர்ந்து எடுத்தது ஏன்? அவருக்கு ஏற்கனவே அம்மை கண்டு குணம் ஆகி இருந்தது. "இனி இவரை அம்மை தொடாது, நீண்ட நாள் ஆளுவார்" என்பதும் ஒரு காரணம்.

தந்தையைக் கொன்ற நோய், மகனுக்கு முடிசூட்டியது!

காங்சி அந்த நோயை மறக்கவில்லை. தம்முடைய பிள்ளைகளுக்கு மூக்கு வழியாக அம்மைப் பொடி கொடுக்க ஏற்பாடு செய்தார்.

அந்தப் பொடியால் சிலர் இறந்ததும் உண்டு. ஏன் என்றால் அது உயிர் உள்ள அம்மைக் கிருமி. ஆனால் தானாக அம்மை கண்டு இறந்தவர்களைவிட அவர்கள் மிகக் குறைவு.

சிறையில் ஒரு சோதனை

இந்தச் செய்தி இங்கிலாந்துக்கும் எட்டியது.

1721-ம் ஆண்டு. லண்டனில் நியூகேட் என்ற சிறை இருந்தது. மரண தண்டனை பெற்ற கைதிகள் சிலரிடம், "அம்மைச் சோதனைக்குச் சம்மதித்தால் தூக்கு இல்லை" என்று சொன்னார்கள். சாவைவிடச் சோதனை மேல் என்று அவர்கள் சம்மதித்தார்கள். 6 பேருக்குத் தோலைக் கீறி அம்மைப்பால் வைத்தார்கள்.

ரிச்சர்டு மீடு என்பவர் அங்கே புகழ்பெற்ற டாக்டர். அவர் சீன முறையைப் பார்க்க விரும்பினார். 18 வயதுப் பெண் கைதி ஒருத்தியின் மூக்கில் அம்மைப் பொருக்கை வைத்தார். அவளுக்குக் கடுமையான தலைவலி. கடுமையான காய்ச்சல். தோலில் கீறியவர்களைவிட அவள் அதிகம் துன்பப்பட்டாள். ஆனாலும் பிழைத்துக்கொண்டாள்.

"தோலில் கீறுவதே மேல்" என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். 1796-ல் ஜென்னர், மாட்டு அம்மையைக் கொண்டு ஆபத்து குறைந்த முறையைக் கண்டுபிடித்தார். மூக்கு மறக்கப்பட்டது. 1980-ல், பெரியம்மை உலகத்தில் இருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

தப்பான வாசல்!

மூக்கை மறுபடியும் டாக்டர்கள் நினைத்தது, இளம்பிள்ளை வாதத்துக்காக. "போலியோ" என்று சொல்லுகிறோமே, அந்த நோய்தான்.

1937-ல் கனடா நாட்டின் டொரண்டோ நகரில் போலியோ வேகமாகப் பரவியது. கிருமி மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். குரங்குகளின் மூக்கில் கிருமியை விட்டுச் செய்த சோதனைகள் அப்படி நினைக்க வைத்தன.

"மூக்கை அடைத்துவிட்டால் நோயைத் தடுத்துவிடலாம்" என்று டாக்டர்கள் எண்ணினார்கள். துத்தநாக சல்பேட் என்ற மருந்தைச் சுமார் 5 ஆயிரம் குழந்தைகளின் மூக்கில் பீச்சினார்கள்.

நோய் நின்றதா? இல்லை! மருந்து பீச்சிய குழந்தைகளுக்கும் போலியோ வந்தது. அதோடு போகவில்லை. சில குழந்தைகளுக்கு மணம் அறியும் சக்தியே போய்விட்டது. சிலருக்கு அது திரும்பவே இல்லை.

எங்கே தவறு? போலியோ கிருமி மூக்கால் வருவது இல்லை. வாயால் நுழைந்து குடலில் பெருகுகிறது. இது பின்னால்தான் தெரிந்தது. அதனால்தான் போலியோ சொட்டு மருந்தை வாயில் விடுகிறோம். அந்தச் சொட்டு மருந்தைக் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்ததன் பலனாக, 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது.

நோய் எந்த வாசலால் வருகிறதோ, அந்த வாசலில்தான் காவல் போடவேண்டும். டொரண்டோ குழந்தைகள் கற்றுக்கொடுத்த பாடம் இது.

குளிரில் வளர்த்த கிருமி

புளூ காய்ச்சல் மூக்கால் வருகிறது. அங்கே காவல் போட்டவர் ஹுனைன் மசாப் என்ற விஞ்ஞானி. சிரியா நாட்டின் டமாஸ்கஸ் நகரில் பிறந்தவர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணி செய்தார்.

1960-ல் கிடைத்த ஒரு புளூ கிருமியை அவர் எடுத்துக்கொண்டார். அதைக் குளிரில் வளர்த்தார். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் 25 டிகிரியில் வளரும்படி பழக்கிவிட்டார்.

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

நம் உடம்பின் சூடு 37 டிகிரி. ஆனால் மூக்கின் உள்ளே அதைவிடக் குளிர்ச்சி. வெளிக்காற்று வந்து போகிறது அல்லவா? குளிரில் பழகிய கிருமி மூக்கில் கொஞ்சம் வளரும். ஆனால் சூடான நுரையீரலில் அதனால் நன்றாக வளர முடியாது. ஆகவே நோயைக் கொடுக்காது. அதே சமயம், "எதிரி இப்படித்தான் இருப்பான்" என்று உடம்புக்கு அடையாளம் காட்டிவிடும்.

இந்த யோசனை மருந்துக் கடைக்கு வர எத்தனை ஆண்டு ஆயிற்று தெரியுமா? 2003-ல்தான் அமெரிக்க அரசாங்கம் "புளூமிஸ்ட்" என்ற பெயரில் அதை அனுமதித்தது. கிருமி கிடைத்ததில் இருந்து 43 ஆண்டுகள்!

இங்கிலாந்தில் 2013 முதல் சிறு குழந்தைகளுக்கு இந்த மூக்கு மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2024-ல் அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டாக்டரிடம் போகாமல், வீட்டிலேயே பீச்சிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தார்கள்.

இதற்கும் ஒரு சறுக்கல் வந்தது. ஒரு வகைப் புளூவை இந்த மருந்து சரியாகத் தடுக்கவில்லை என்று கண்டார்கள். அதனால் 2016 முதல் இரண்டு பருவங்களுக்கு அமெரிக்காவில் இதைச் சிபாரிசு செய்யாமல் நிறுத்திவைத்தார்கள். மருந்தில் உள்ள கிருமியை மாற்றிய பிறகே மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தியாவின் 8 சொட்டு

கொரோனா வந்தபோது இந்தியாவும் இந்தத் துறையில் இறங்கியது.

ஐதராபாத்தில் உள்ள பாரத் பயோடெக் நிறுவனம், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு மூக்குச் சொட்டு மருந்தை உருவாக்கியது. அதன் பெயர் இன்கோவாக். சுமார் 3,100 பேருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 2022 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. 2023 ஜனவரி 26-ந் தேதி, குடியரசு தினத்தன்று வெளியிட்டார்கள்.

ஒரு மூக்கில் 4 சொட்டு. மறு மூக்கில் 4 சொட்டு. 28 நாள் கழித்து மறுபடியும் அதேபோல்.

ஆனால் அது வெளிவந்த நேரத்தில் நாட்டில் பெரும்பாலானவர்கள் ஊசி போட்டு முடித்து இருந்தார்கள்!

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகளும் தங்கள் கொரோனா மருந்தை மூக்கில் பீச்சிப் பார்த்தார்கள். 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். பலன் போதவில்லை. மூக்கில் பீச்சிய மருந்தில் பெரும்பகுதி, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய் அழிந்து இருக்கலாம் என்று கருதினார்கள்.

மூக்கின் காவலுக்குக் கிருமி எது, மருந்து எது என்று தெரியாது. இரண்டையும் தள்ளிவிடப் பார்க்கும். கால்மணி, இருபது நிமிடத்துக்குள் சளியோடு மருந்தும் தொண்டைக்குப் போய்விடும். அதற்குள் அது வேலையை முடிக்கவேண்டும். விஞ்ஞானிகளின் பெரிய தலைவலி இதுதான்.

நிமிடத்தில் உயிர் காக்கும் மருந்து

தடுப்பு மருந்து மட்டும் அல்ல. அவசர மருந்தையும் மூக்கில் கொடுக்கிறார்கள்.

மூக்கின் உள்ளே உள்ள சவ்வைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர் இருக்கும். ஒரு தபால் கார்டைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் அடியில் ரத்தக் குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அங்கே பட்ட மருந்து வயிற்றுக்குப் போகாமல் நேரே ரத்தத்தில் கலந்துவிடும்.

வலிப்பு வந்து துடிக்கும் குழந்தைக்கு மாத்திரை கொடுக்க முடியுமா? வாயைத் திறக்கவே முடியாது. துடிக்கும் கையில் ஊசி போடுவதும் எளிது அல்ல. "மிடசோலம்" என்ற மருந்தை மூக்கில் பீச்சினால் சில நிமிடங்களில் வலிப்பு அடங்கும். இந்த மருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது. அடிக்கடி வலிப்பு வரும் குழந்தைக்கு, டாக்டர் எழுதிக்கொடுத்து, பெற்றோருக்கு அளவும் முறையும் சொல்லித்தருகிறார்.

சர்க்கரை வியாதிக்காரருக்குச் சில சமயம் சர்க்கரை மிகவும் குறைந்து மயக்கம் வரும். மயங்கியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் புரை ஏறும். "குளுகோகான்" என்ற மருந்தைப் பொடியாக மூக்கில் செலுத்தும் முறை 2019-ல் அமெரிக்காவில் வந்தது.

அமெரிக்காவில் போதை மருந்து அளவுக்கு மீறிப்போய், 2022-ல் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அபின் வகை போதையால் மூச்சு நின்றுபோகிறவரின் மூக்கில் "நலாக்சோன்" பீச்சினால் மூச்சு திரும்பும். 2023-ல் இதை டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் விற்க அனுமதித்தார்கள். அங்கே போலீஸ்காரர்கள் இதைக் கையில் வைத்து இருக்கிறார்கள்.

முகம் கோணியது!

அப்படியானால் எல்லா மருந்தையும் மூக்கில் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதுதான் முடியாது.

2000-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஒரு மூக்குத் தடுப்பு மருந்து விற்பனைக்கு வந்தது. அதுவும் புளூ காய்ச்சலுக்குத்தான். மருந்தின் வேகத்தைக் கூட்டுவதற்காக, குடலில் வாழும் ஒரு கிருமியின் நச்சுப்பொருளைச் சிறிது சேர்த்து இருந்தார்கள்.

சில வாரங்களில் டாக்டர்களிடம் புகார்கள் வந்தன. மருந்து போட்டவர்களில் சிலருக்கு முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. ஒரு கண்ணை மூட முடியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. முக வாதம்!

ஆராய்ந்து பார்த்தார்கள். 10 ஆயிரம் பேருக்கு 13 பேர் வீதம், மருந்து போட்டவர்களிடம் இந்த வாதம் அதிகமாக இருந்தது. மருந்து உடனே கைவிடப்பட்டது.

மூக்கு மூளைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. மூக்கின் உச்சியில், சல்லடை போன்ற மெல்லிய எலும்பு ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது. மணம் அறியும் நரம்புகள் அந்தத் துளைகளின் வழியாக மூளைக்குப் போகின்றன. ஆகவே இந்த வாசலில் எதை விடுவதானாலும், பல முறை சோதித்த பிறகே விடவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடாதது

இதைப் படிக்கும் தாய்மார்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு.

நம் ஊர்களில் பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இருக்கிறது. "சளி பிடிக்காது" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் அது தவறு.

எண்ணெய் மூக்கோடு நிற்பது இல்லை. கொஞ்சம் நழுவி நுரையீரலுக்குப் போய்விடும். தண்ணீர் போனால் குழந்தை இருமும். எண்ணெய் இருமலைக் கூடத் தூண்டாமல் மெதுவாக இறங்கும். நுரையீரலால் அதைக் கரைக்க முடியாது. அது அங்கேயே தங்கும். எண்ணெயால் வரும் நிமோனியா என்று டாக்டர்கள் இதைச் சொல்லுகிறார்கள். குழந்தையின் உயிருக்கே ஆபத்து ஆகலாம்.

நசியம் என்பது சித்த வைத்தியத்திலும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது தேர்ந்த வைத்தியர், ஆளைப் பார்த்துச் செய்வது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு நாமாகச் செய்வது அல்ல.

கொரோனா காலத்தில், "மூக்கில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், கிருமி செத்துவிடும்" என்று ஒரு செய்தி செல்போன்களில் பரவியது. கிருமி சாகவில்லை. அந்தப் புளிப்பு மூக்கின் மெல்லிய சவ்வைத்தான் புண் ஆக்கும்.

மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சொட்டு மருந்தையும் நாள் கணக்கில் விடக்கூடாது. நாலைந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தே அடைப்பை உண்டாக்கும். பிறகு அது இல்லாமல் மூச்சே விட முடியாது என்ற நிலை வந்துவிடும்.

பச்சைக்குழந்தைக்கு மூக்கு அடைத்தால் என்ன செய்வது? மருந்துக் கடையில் விற்கும் உப்பு நீர்ச் சொட்டை, டாக்டரைக் கேட்டு விடலாம். வேறு எதையும் விடவேண்டாம்.

வலிப்பு வந்தால், கையில் சாவியைக் கொடுத்துப் பலன் இல்லை. வாயில் எதையும் திணிக்கக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். டாக்டர் மூக்கு மருந்து கொடுத்து இருந்தால், அவர் சொன்ன அளவில் பீச்சுங்கள். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஊசிகள் எல்லாம் ஒரே நாளில் மறைந்துவிடப் போவது இல்லை. குழந்தைக்குப் போடவேண்டிய ஊசியை, "மூக்கு மருந்து வரட்டும்" என்று தள்ளிப்போடவும் வேண்டாம். இன்று இருக்கும் காவலை இன்றே போடுங்கள்.

நாளை ஒரு நாள், தடுப்பு மருந்து கொடுக்கும் இடத்தில் அழுகைச் சத்தம் குறையும். "கண்ணு, மூக்கைக் காட்டு!" என்று நர்ஸ் சொல்லுவார். குழந்தை ஒரு தும்மல் போடும்.

அவ்வளவுதான்!